இன்டர்வியூவில் தோற்றது உங்கள் பிள்ளையா, அந்த முக்கால் மணி நேரமா?

சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூ நடக்கிற வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் வீடாகவே கூட இருக்கலாம். பெட்ரூம் கதவு சாத்தியிருக்கும். குக்கர் விசில் கேட்கக்கூடாது என்று சமையல் விடியற்காலையிலேயே முடிந்திருக்கும். ஃபேன் சத்தம் மைக்கில் இரையும் என்று அதையும் நிறுத்திவிட்டு, பிள்ளை உள்ளே வியர்வையில் குளித்துக்கொண்டிருக்கும். வெளியே அம்மா சாமி படத்துக்கு முன்னால். அப்பா பேப்பரைப் பிரித்து ஒரே பக்கத்தை அரை மணி நேரமாகப் படித்துக்கொண்டிருப்பார். கதவு திறந்ததுமே எல்லாரும் ஒரே குரலில் கேட்பார்கள்: "என்ன ஆச்சு?"

"சரியா பண்ணலைம்மா..." என்று பதில் வந்தால் போச்சு. வீடே எழவு விழுந்த மாதிரி ஆகிவிடும்.

ஆரோக்கியப் பத்திரிகையில் இன்டர்வியூவுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. இந்த நேர்முகத் தேர்வுகளால் தூக்கம் கெட்டு, பசி கெட்டு, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று மூலையில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் இன்று நிறைய. அவர்களைப் பார்த்துப் பார்த்து ரத்த அழுத்தம் ஏறிப்போன பெற்றோர்களும் நிறைய. அந்த முக்கால் மணி நேரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது, அந்தத் தேர்வு எதை அளக்கிறது, எதை அளக்கத் தவறுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பாரம் இறங்கிவிடும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி வைப்பது ஒரு இன்டர்வியூ. அது போதும். வீட்டில் இரண்டாவது இன்டர்வியூ வேண்டாம்.

உள்ளே என்னதான் கேட்கிறார்கள்?

நம்மில் பலருக்கு இன்டர்வியூ என்றால் சர்ட்டிஃபிகேட் ஃபைல், இஸ்திரி போட்ட சட்டை, நாலு பொது அறிவுக் கேள்விகள். சாஃப்ட்வேர் இன்ஜினீயர் வேலைக்கு, குறிப்பாக கூகுள் மாதிரியான பெரிய கம்பெனிகளில், சமாசாரமே வேறு.

முதலில் ஆன்லைனில் ஒரு பரீட்சை அல்லது போனில் ஒரு சுற்று. அதில் தேறினால் நாலைந்து சுற்றுகள். ஒவ்வொன்றும் சுமார் 45 நிமிஷம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புது ஆள். அவர் கணக்கு மாதிரி ஒரு புதிரைக் கொடுப்பார். அதைத் தீர்க்கும் வழியை யோசிக்க வேண்டும். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதை புரோகிராமாக எழுத வேண்டும். எழுதி முடிப்பதற்குள், "இதையே இன்னும் வேகமாகச் செய்ய முடியுமா?" என்று அடுத்த கேள்வி வரும். எழுதுவது வெள்ளைப் பலகையில், இல்லாவிட்டால் வெறுமனே எழுத்து மட்டும் அடிக்கக்கூடிய ஒரு பக்கத்தில். வேலை செய்யும்போது தினமும் கைகொடுக்கும் கருவிகள், தப்பு செய்தால் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் வசதி, இன்டர்நெட்டில் தேடிப் பார்க்கும் சுதந்திரம், எதுவும் கிடையாது.

இல்லத்தரசிகளுக்குப் புரிகிற மாதிரி சொல்லட்டுமா? இருபது வருஷமாக வத்தக்குழம்பு வைக்கும் உங்களை முன்பின் தெரியாத ஒரு சமையலறையில் நிறுத்துகிறார்கள். ஒரு ஆசாமி கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். "குழம்பு வையுங்கள். வைத்துக்கொண்டே, கடுகை ஏன் இப்போது போட்டீர்கள், வெந்தயத்தை ஏன் அப்புறம் போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாக விளக்குங்கள். நாற்பத்தைந்தே நிமிஷம். ருசி பார்க்கவெல்லாம் கூடாது" என்கிறார். உங்களுக்கு உப்பு மறந்துபோகுமா, போகாதா?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கூகுள் பல வருஷமாகப் பின்பற்றிய முறையில், கேள்வி கேட்டவர் தனியாக முடிவு எடுப்பதில்லை. எல்லாரும் எழுதிக்கொடுத்த குறிப்புகளைப் படித்துவிட்டு, உங்கள் பிள்ளையின் முகத்தையே பார்த்திராத ஒரு குழு தீர்ப்பு சொல்லும். தனி மனித விருப்பு வெறுப்பு நுழையக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. ஆனால், அந்தக் குழுவின் கையில் இருப்பதெல்லாம் சில பக்கக் குறிப்புகள் மட்டும்தான்.

கொரோனா வந்த 2020-லிருந்து இந்தச் சுற்றுகள் பெரும்பாலும் வீடியோவில் நடந்தன. ஏஐ துணையோடு பதில் சொல்லும் தில்லுமுல்லுகள் வந்ததால், ஒரு சுற்றையாவது நேரில் வைக்கப்போவதாக கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை 2025-ல் சொன்னார். ஆகவே, எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பலகையில் எழுதும் காலம் முடிந்துவிடவில்லை.

டென்ஷனை வரவழைக்க விஞ்ஞானிகள் பிடித்த வழி

ஒரு சுவாரசியமான விஷயம் சொல்கிறேன். மனஅழுத்தம் உடம்பை என்ன செய்கிறது என்று ஆராய வேண்டுமானால், ஆரோக்கியமான ஒரு மனுஷனுக்கு முதலில் அழுத்தத்தை வரவழைக்க வேண்டும். எப்படி வரவழைப்பது? ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1993-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். பயமுறுத்தும் படமோ, பாம்போ எதுவும் கிடையாது. அவர்கள் தேர்ந்தெடுத்தது என்ன தெரியுமா? ஒரு வேலைக்கான இன்டர்வியூ!

சிரிக்காத முகத்தோடு ஒரு குழு உட்கார்ந்திருக்கும். அதன் முன்னால் நின்று, "இந்த வேலைக்கு நான்தான் சரியான ஆள்" என்று ஐந்து நிமிஷம் பேச வேண்டும். பிறகு ஐந்து நிமிஷம் மனக்கணக்கு: 1022-லிருந்து 13-ஐக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தப்பு விட்டால் மறுபடி 1022-லிருந்து. இதற்கு முன்னும் பின்னும் எச்சிலை எடுத்துச் சோதித்தார்கள். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரண்டு மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை ஏறியிருந்தது. நாடித்துடிப்பும் எகிறியிருந்தது. இத்தனைக்கும் அது பொய் இன்டர்வியூ என்று வந்தவர்களுக்குத் தெரியும். நிஜமாகவே வேலை, சம்பளம், கல்விக் கடனின் மாதத் தவணை எல்லாம் அந்த நாற்காலிக்கு எதிரே காத்திருந்தால் எப்படி இருக்கும்?

வீட்டிலேயே சோதித்துப் பாருங்களேன். தனியாக உட்கார்ந்து 1022, 1009, 996 என்று கழித்துக்கொண்டே போங்கள். மெதுவாகவாவது வந்துவிடும். அடுத்து, மாமியாரும் நாத்தனாரும் எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்க்க, உரக்கச் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்!

இது ஏன் நடக்கிறது? ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் படபடக்கும். உள்ளங்கை ஜில்லென்று வியர்க்கும். நாக்கு ஒட்டிக்கொள்ளும். சில நிமிஷங்களில் கார்ட்டிசாலும் சேர்ந்துகொள்கிறது. மாடு முட்ட வந்தால் ஓடுவதற்கு இதெல்லாம் உபயோகம். ஆனால், நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப்பகுதி, அதாவது நிதானமாக யோசிக்கிற, நாலு விஷயங்களை ஒரே நேரத்தில் நினைவில் பிடித்து வைத்துக்கொள்கிற பகுதி, இந்த வெள்ளத்தில் மங்கிப்போகிறது. புரோகிராம் எழுதுவதற்கு வேண்டியதோ அந்தப் பகுதிதான். "எல்லாம் படிச்சிருந்தேன். அங்கே போனதும் சுத்தமா பிளாங்க் ஆயிடுச்சு" என்று பிள்ளை சொல்கிறதே, அது சாக்குப்போக்கு இல்லை. உடற்கூறு.

பார்த்தால் பாதி!

"எல்லாருக்கும்தானே டென்ஷன்? கெட்டிக்காரன் எப்படியும் பண்ணிடுவான்" என்று சில அப்பாக்கள் சொல்வார்கள். அவர்களுக்காகவே ஒரு ஆராய்ச்சி இருக்கிறது.

அமெரிக்காவில் வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020-ல் வெளியிட்டது. கம்ப்யூட்டர் படிக்கும் 48 மாணவர்கள். எல்லாருக்கும் புரோகிராம் எழுதும் புதிர். பாதிப் பேர் வழக்கம்போல ஒரு ஆள் பார்க்க, வாய்விட்டு விளக்கிக்கொண்டே பலகையில் எழுதினார்கள். மீதிப் பேரை ஒரு தனி அறையில் பலகையோடு விட்டுவிட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. விளக்கவும் வேண்டியதில்லை.

முடிவு? ஆள் பார்க்க எழுதியவர்களின் திறன், தனியாக எழுதியவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. படிப்பு அதே படிப்பு, கேள்வியும் அதே ரகம். பக்கத்தில் ஒரு ஜோடிக் கண்கள், அவ்வளவுதான். இன்னொன்று: தனி அறையில் எழுதிய பெண்கள் எல்லாரும் சரியாகத் தீர்த்தார்கள். ஆள் முன்னால் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தீர்க்கவில்லை. ஆய்வில் இருந்த பெண்கள் சிலர்தான், அதனால் இதை வைத்துப் பெரிய சட்டமெல்லாம் போட முடியாது. ஆனால், பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்கள், "உனக்கு இதெல்லாம் வராது, பேங்க் பரீட்சை எழுது" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்கலாம் அல்லவா? அந்த ஆராய்ச்சியாளர்களே, கம்பெனிகள் இப்படித் தேர்ந்தெடுக்கும்போது திறமையை அளக்கிறோம் என்று நினைத்து, யாருக்குப் படபடப்பு குறைவு என்பதை அளந்துவிடுகிறார்களோ என்றுதான் கேள்வி எழுப்பினார்கள்.

கம்பெனியே சொன்ன கதை

கூகுள் ஒரு காலத்தில் விசித்திரமான கேள்விகளுக்குப் பேர்போனது. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்கிற ரகம். ராத்திரி பகலாக இதற்கெல்லாம் பதில் தயார் செய்த பிள்ளைகள் உண்டு. கூகுளின் மனிதவளப் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் இவற்றைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் புதிர்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை, கேட்பவர் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளத்தான் அவை உதவின என்ற அர்த்தத்தில் சொன்னார்!

அதோடு விடவில்லை. ஆயிரக்கணக்கான இன்டர்வியூக்களின் மதிப்பெண்களையும், அந்த ஆட்கள் பிற்பாடு வேலையில் எப்படி இருந்தார்கள் என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். நல்ல ஆளைக் கண்டுபிடிப்பதில் தனிப்பட்ட யாருக்கும் பெரிய சாமர்த்தியம் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். எல்லாரிடமும் ஒரே வரிசையில், ஒரே அளவுகோலோடு கேட்கும் முறைதான் மேல் என்பதும் அவருடைய கருத்து.

இன்னும் ஒரு ரகசியம். ரகசியம் என்ன, அவர்கள் வெளிப்படையாகவே சொல்வதுதான். பெரிய கம்பெனிகளின் கொள்கை: தப்பான ஆளை எடுத்துவிடுவதைவிட, சரியான ஆளை விட்டுவிடுவது மேல். லட்சக்கணக்கில் விண்ணப்பம் வரும் இடத்தில் அது அவர்களுக்குக் கட்டுப்படியாகும். கல்யாண மண்டபத்துக்குத் தக்காளி வாங்குகிறவர், லேசாகச் சந்தேகம் வந்தால் நல்ல பழத்தையும் ஒதுக்கிவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவார். ஒதுக்கிய பழம் அழுகல் என்று அர்த்தமா?

2 உதாரணம் பாருங்கள். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் வைத்து வேலை செய்யும் இன்ஜினீயர்கள் பெரிதும் நம்பியிருக்கும் மென்பொருள் ஹோம்ப்ரூ. அதை உருவாக்கிய மேக்ஸ் ஹோவலை கூகுள் நிராகரித்தது. மரம் மாதிரி கிளை பிரியும் ஒரு தகவல் அமைப்பை இடம் வலமாக மாற்றிப் போடும் புதிரைப் பலகையில் எழுத வரவில்லை என்பதால், தான் எழுதிய மென்பொருளை உபயோகிக்கிற கம்பெனியே தன்னை வேண்டாம் என்றுவிட்டது என 2015-ல் அவரே ட்விட்டரில் போட்டார். பெரிய விவாதமே கிளம்பியது.

அடுத்தவர் பிரையன் ஆக்டன். 2009-ல் ட்விட்டர் கம்பெனியும் ஃபேஸ்புக் கம்பெனியும் இவரை வேலைக்கு எடுக்கவில்லை. மனுஷன் நண்பர் யான் கூமோடு சேர்ந்து வாட்ஸ்அப்பைக் கட்டினார். 2014-ல் அதே ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பை வாங்க ஒப்புக்கொண்ட விலை 1,900 கோடி டாலர்! காலையில் எழுந்ததும் நீங்களும் நானும் 'குட் மார்னிங்' அனுப்புகிறோமே, அதே வாட்ஸ்அப்தான்.

நிராகரிக்கப்பட்ட எல்லாரும் கோடீஸ்வரர் ஆகிவிடுவார்கள் என்று கதை விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் வேறொரு நல்ல கம்பெனியில் சேர்ந்து, நிம்மதியாக இருப்பார்கள். ஒரு கம்பெனி 'வேண்டாம்' என்று சொன்னால் அது அன்றைக்கு, அந்த நாற்காலிக்கு, அவர்கள் கணக்குப்படி 'வேண்டாம்' என்றுதான் பொருள். அது மட்டுமில்லை. 'வேண்டும்' என்பதும் நிரந்தரமில்லை. 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் சுமார் 12,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அவர்களில் பலர் அதே கடினமான இன்டர்வியூவில் தேறி உள்ளே போனவர்கள்தானே?

அப்படியானால் எல்லாமே பித்தலாட்டமா?

இல்லை. அப்படிச் சொல்வது நியாயமாகாது. கம்பெனிக்கும் ஏதோ ஒரு சல்லடை வேண்டும். சிபாரிசும் ஜாதியும் மாமா செல்வாக்கும் வேலை வாங்கித் தந்த காலத்தோடு ஒப்பிட்டால், யார் பிள்ளையாக இருந்தாலும் ஒரே புதிர் என்பது எவ்வளவோ மேல். சின்ன ஊரில், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இந்தக் கதவு வழியாகவே உள்ளே போனவர்கள் இருக்கிறார்கள். அடிப்படை தெரியாதவனால் அந்தப் புதிரைத் தீர்க்க முடியாது என்பதும் உண்மை. அதனால், தேறினவன் கெட்டிக்காரன் என்று தாராளமாகச் சொல்லலாம். தேறாதவன் மக்கு என்று மட்டும் சொல்லக்கூடாது. இந்த இரண்டும் ஒன்றில்லை. வீடுகளில் நாம் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் போச்சு என்ற பயமும் தேவையில்லை. மெட்ராஸில் வளர்ந்த சுந்தர் பிச்சையின் கதையே சாட்சி. கூகுளில் அவருடைய இன்டர்வியூ 2004 ஏப்ரல் 1-ம் தேதி. இன்ஜினீயர் வேலைக்கு அல்ல, தயாரிப்பு நிர்வாகப் பதவிக்கு. அன்றைக்குத்தான் ஜிமெயிலை அறிவித்திருந்தார்கள். அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்க, ஏப்ரல் ஃபூல் வேடிக்கையோ என்று நினைத்ததாகவும், பார்க்காததால் முதலில் பதில் சொல்ல முடியவில்லை என்றும் 2017-ல் கரக்பூர் ஐ.ஐ.டி. மாணவர்களிடம் அவரே சொல்லிச் சிரித்தார். நாலாவது ஆள் ஜிமெயிலைத் திறந்து காட்டிய பிறகுதான், அடுத்தவர் கேட்டபோது அவரால் கருத்து சொல்ல முடிந்தது.

பிள்ளைகளே, உங்களுக்கு...

வாய்விட்டுப் பழகுங்கள். ஐநூறு புதிர்களைத் தனியாக உட்கார்ந்து தீர்த்தாலும், ஒரு ஆள் பார்க்கத் தீர்ப்பது தனிப் பயிற்சி. நீச்சலைப் புத்தகத்தில் படித்தால் வராது. வாரம் இரண்டு நாள் ஒரு நண்பனை எதிரே உட்கார வைத்து, கடிகாரத்தை வைத்து, உரக்கப் பேசிக்கொண்டே எழுதுங்கள். ஆளே கிடைக்காவிட்டால் பாட்டியை உட்கார வையுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, பார்த்தால் போதும். பார்க்கப்படுவது பழகப் பழக உடம்பு அலறுவது குறையும்.

முதல் இரண்டு நிமிஷம் எழுதாதீர்கள். கேள்வியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். சந்தேகத்தைக் கேளுங்கள். "ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். நாலைந்து தடவை செய்தாலே படபடப்பு ஒரு படி இறங்கும். சிக்கிக்கொண்டால் எங்கே சிக்கினீர்கள் என்று சொல்லுங்கள். எதிரே இருப்பவர் பெரும்பாலும் குறிப்புக் கொடுக்கத் தயாராகவே இருப்பார்.

படபடப்புக்குப் பெயரை மாற்றுங்கள். ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பாட்டு, மேடைப்பேச்சு, கணக்கு மூன்றுக்கும் முன்னால் "நான் ஆர்வமாக இருக்கிறேன்" என்று தங்களுக்கே சொல்லிக்கொண்டவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்று தங்களை அடக்கப் பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். துடிக்கிற இதயத்தை நிறுத்த முடியாது. அது எதற்குத் துடிக்கிறது என்று நாம் சொல்லிக்கொடுக்கலாம்.

முந்தின ராத்திரி தூங்குங்கள். இரவு முழுக்கக் கண் விழித்து இன்னும் பத்துப் புதிர் பார்ப்பதைவிட, ஏழு மணி நேரத் தூக்கம் அதிக மார்க் வாங்கித் தரும். படித்ததை மூளை அடுக்கி வைப்பதே தூக்கத்தில்தான். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், நெய் சொட்டும் பொங்கலும் வேண்டாம். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். வழக்கமாகக் குடிக்கும் ஒரு காபியோடு நிறுத்துங்கள். மூன்றாவது காபி படபடப்புக்குப் பெட்ரோல் ஊற்றுகிற மாதிரி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "நடுக்கம் நிற்கும்" என்று நண்பன் கொடுக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதீர்கள். படபடப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் போன்ற மருந்துகள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலையே கொண்டுவந்துவிடலாம். டாக்டர் சொல்லாமல் எதுவும் வேண்டாம். தூக்க மாத்திரைக்கும் இதே பேச்சுதான்.

வீட்டில் இருப்பவர்களே, உங்களுக்கு...

கதவு திறந்ததும் "என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். "வா, சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள். பிள்ளையாகச் சொல்ல ஆரம்பித்தால் கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கார்ட்டிசால் இறங்குவதற்கே நேரம் வேண்டும். அந்த நேரத்தில் போய், "எந்தக் கேள்வி வரலை? ஏன் வரலை? அதைத்தானே போன வாரம் படிச்சே?" என்று குடைந்தால், ஏறினது இறங்காமலே நிற்கும். இதைத்தான் இரண்டாவது இன்டர்வியூ என்று சொன்னேன். கம்பெனி இன்டர்வியூ முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நாம் நடத்துவது மாசக் கணக்கில் ஓடுகிறது!

அதில் குழு உறுப்பினர்கள் வேறு அதிகம். பெரியப்பா போன் பண்ணி, "நம்ம சம்பந்தி பையன் அமெரிக்காவே போயிட்டானாமே" என்பார். எதிர்வீட்டு மாமி மாடியில் துணி காயப்போடும்போது, "உங்க பொண்ணுக்கு இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்பார். இந்தப் போன்களை எல்லாம் நீங்களே வாங்கி, "முயற்சி பண்ணிட்டிருக்கா, ஆனதும் நாங்களே சொல்றோம்" என்று முடித்துவிடுங்கள். பிள்ளையின் கையில் போனைக் கொடுக்காதீர்கள். அப்பா, அம்மாவைத் தவிர அந்தத் தடுப்புச்சுவராக நிற்க வேறு யார் இருக்கிறார்கள்?

வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கடன் இருந்தால் இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து, கணக்குப் போட்டுப் பேசிவிடுங்கள். இன்னும் ஆறு மாசம் தாக்குப் பிடிக்கலாமா, ஒரு சின்ன கம்பெனியில் முதலில் சேர்ந்துகொண்டு முயற்சியைத் தொடரலாமா என்று சேர்ந்து முடிவெடுங்கள். ஆனால், இன்டர்வியூ அன்று காலையில், "லோன் தவணை வேற வருதுப்பா, பார்த்துப் பண்ணு" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அது அறிவுரை இல்லை. முதுகில் ஏற்றும் அரிசி மூட்டை.

நிராகரிப்புக் கடிதம் பெரும்பாலும் இரண்டு வரி மின்னஞ்சலாக வரும். காரணம் இருக்காது. காரணம் தெரியாத இடத்தில் மனசு தானே ஒரு காரணத்தை இட்டு நிரப்பும். அநேகமாக, "நான் முட்டாள்" என்ற காரணத்தை. அங்கே நீங்களும் ஒரு காரணத்தைச் சொருகாதீர்கள். "ஒரு கம்பெனி வேண்டாம்னு சொல்லிச்சு. சில மாசம் கழிச்சு அதே கம்பெனியிலேயே மறுபடி கேட்கலாம். இப்ப ரெண்டு நாள் ஓய்வெடு" என்று சொன்னால் போதும்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

ஒரு தோல்விக்குப் பிறகு சில நாள் வாட்டம் இயல்பு. ஆனால், இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமின்மை அல்லது எந்நேரமும் தூக்கம், சாப்பாட்டில் வெறுப்பு, நண்பர்களைத் தவிர்ப்பது, எதிலும் பிடிப்பில்லாமை, காரணமில்லாத எரிச்சல் இருந்தால் கவனியுங்கள். இன்டர்வியூ என்ற பேச்செடுத்தாலே நெஞ்சு அடைத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோமோ என்ற பயம் வந்தால், அது பேனிக் அட்டாக் என்கிற பீதித் தாக்குதலாக இருக்கலாம். குணப்படுத்தக்கூடியதுதான். குடும்ப டாக்டரிடம் ஆரம்பியுங்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அவரே அனுப்புவார். "பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர்கிட்டேயா?" என்று முகம் சுளிக்கும் காலம் மலையேறிவிட்டது.

"நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். திட்டாதீர்கள். தனியாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பேச ஒரு வழி கிடைக்கும். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள்.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் வீடுகளிலேயே, லேப்டாப்பின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிற இன்ஜினீயர்களும் இருப்பார்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். கேள்வியைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் கேமராவை அணைத்துவிட்டு யோசிக்க விடுங்கள். ஆரம்பத்தில் ஒரு புன்னகை, நடுவில் ஒரு குறிப்பு, முடிவில் "எந்தத் தேதிக்குள் தெரியும்" என்ற ஒரு வாக்கியம். இதற்கெல்லாம் பைசா செலவில்லை. உங்களுக்கும் நல்ல ஆள் கிடைப்பார்.

மற்றபடி பெற்றோர்களே, உங்கள் பிள்ளையை இருபது வருஷத்துக்கு மேல் தினமும் பார்த்தவர்கள் நீங்கள். முக்கால் மணி நேரம் பார்த்த ஒருத்தர் எழுதிய குறிப்பை நம்பி உங்கள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளலாமா? அடுத்த இன்டர்வியூ என்றைக்காவது வரும். அதுவரைக்கும் பிள்ளைக்கு நல்ல தூக்கமும், நேரத்துக்குச் சாப்பாடும், குத்திக்காட்டாத பேச்சும் கிடைக்கட்டும். அது உங்கள் கையில்தான் இருக்கிறது.